வெள்ளைச் சீலைக்காரம்மாவின் வீட்டுக்காரர்

அந்தம்மா எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் எத்தனை பேரைக் கிறிஸ்தவ வேதத்துக்குத் திருப்பினார் என்று எனக்குத் தெரியாது. நான் அறிந்து ஒரே ஒரு ஆள்தான் அவர் சொன்னதை அப்படியே நம்பியது. அது நான். அதுவும் தப்பான மனுசரை நம்பிவிட்டேன்.

பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலை அடிவாரத்தில் எங்கள் தோட்டம் இருந்தது. ஊர் என்று ஒன்று கிடையாது. தோட்டத்துக்கு ஒரு வீடு. இந்த வீட்டில் கத்தினால் அடுத்த வீட்டு நாய்க்குக்கூடக் கேட்காது. இரண்டு பக்கமும் கள்ளிவேலி வைத்த வண்டித்தடம் ஒன்று எங்களை வெளியுலகத்தோடு சேர்த்தது. இட்டேரி என்போம். அதன் வழியாக வெளியாள் ஒருவர் வந்துவிட்டால் எங்களுக்கு அன்றைக்கு நோம்பி, திருவிழாதான். இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்குச் சில வருஷம் முந்தி, சோளம் அறுத்துக் களத்தில் கிடந்த நாளில், கறுப்புக் குடையும் துணிப்பையுமாக அந்தம்மா அதன் வழியாக வந்து சேர்ந்தார்.

வெள்ளைச் சீலை. நெற்றியில் பொட்டில்லை, கழுத்தில் தாலியில்லை, கையில் வளையல் இல்லை. பார்த்த மாத்திரத்தில் அம்மா உருகிப்போனாள்.

"ஐயோ பாவம், இந்த வயசுலயே அறுத்துப்போட்டாளே!"

அப்பா வேதக்காரர்களை உள்ளே விடுகிற ஆள் இல்லை. ஆனால் தாலியறுத்தவளை விரட்டினால் பாவம் வந்து சேரும் என்று பேசாமல் இருந்துவிட்டார். எந்தச் சாதி என்று கேட்டதற்கு அந்தம்மா சிரித்தார். ஆகவே வீட்டுக்குள் கூப்பிடாமல் களத்து வேப்பமரத்தடியில் உட்காரவைத்தார்கள். செம்பைக் கொடுக்காமல் கையில் தண்ணீர் ஊற்றினார்கள். ஊற்றியது அத்தை.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்யாணமாகி ஒரே ஒரு பொங்கல்தான் புருஷன் வீட்டில் வைத்தாள்; மாமன் காய்ச்சலில் போய்விட்டார். வெள்ளையைக் கட்டிவிட்டு எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். யாராவது சந்தைக்குப் புறப்பட்டால் அத்தை மாட்டுக்கொட்டகைக்குள் போய் நின்றுகொள்வாள். வண்டி போனபிறகுதான் வெளியே வருவாள். போ என்று ஒருவரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவை இருந்ததில்லை.

அதற்குப் பிறகு அந்தம்மா வாராவாரம் வந்தார். ராகம் போட்டுப் பாடுவார், பிறகு கதை சொல்வார். எப்போதும் ஒரே மனுசரைப் பற்றிய கதைதான். நல்லவராம். பிடித்து அடித்து, கையில் ஆணி வைத்து மரத்தில் அறைந்தார்களாம். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிடும். வெள்ளைச் சீலைக்காரி வேறு யாருக்காக அழுவாள்? இது இவருடைய வீட்டுக்காரர் கதை என்று சின்னப் பிள்ளையான நான் முடிவு கட்டிவிட்டேன். செத்தவர் மூன்றாம் நாள் குழியிலிருந்து எழுந்துவிட்டார் என்றபோதுதான் எனக்குக் குழப்பம். எழுந்தவர் நேரே வீட்டுக்கல்லவா வரவேண்டும்? கேட்டேவிட்டேன்.

"வருவாரு கண்ணு. கண்டிப்பா மறுபடியும் வருவாரு" என்றார்.

சரி, வரட்டும், பார்ப்போம் என்று இருந்தேன்.

அத்தைக்குக் கதையைவிட எழுத்தின்மேல்தான் ஆசை. பாட்டுப் புத்தகத்தை எட்டியெட்டிப் பார்ப்பாள். அந்தம்மா களத்து மண்ணைக் கையால் நிரவி, குச்சியால் எழுதிக் காட்டத் தொடங்கினார். மற்ற நாட்களில் குரலே எழாத அத்தை அந்த மரத்தடியில் சத்தம் போட்டுச் சிரித்தாள். எல்லாவற்றுக்கும் முன்னால் தன் பெயரை எழுதத் தெரியவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். பாதிப் பெயர் வந்துவிட்டது. சாணி தட்டப் போனாலும் சுவரில் விரலால் அந்தப் பாதியை எழுதிக்கொண்டிருப்பாள். மிச்சப் பாதி அடுத்த வாரம் என்று பேச்சு.

அந்த அடுத்த வாரத்தில்தான் இட்டேரியில் சைக்கிள் மணி கேட்டது. தொப்பி வைத்த ஒருவர் இறங்கி அம்மாவைக் கும்பிட்டார்.

"ஏனுங்க, எங்க ஊட்டுக்காரம்மா இங்க வந்தாங்களாங்க? மழ இறங்குமாட்ட இருக்குது, கூட்டிட்டுப் போலாம்னு வந்தேனுங்க."

"ஆருங்க உங்க ஊட்டுக்காரம்மா?"

"அதா, மரத்தடில உக்காந்திருக்காங்களே, அவங்கதானுங்க."

அம்மா தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அட மாரியாத்தா!" என்று அலறினாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வந்துவிட்டார்! சொன்னபடியே வந்துவிட்டார்! ஓடிப்போய் அவர் உள்ளங்கையில் ஆணித் தழும்பு இருக்கிறதா என்று பார்த்தேன். சைக்கிள் சங்கிலி மைதான் இருந்தது. செத்து எழுந்த மனுசருக்கு எதற்கு இவ்வளவு வேர்க்கிறது என்றும் புரியவில்லை.

அம்மா போட்ட சத்தத்தில், கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த மாட்டை அப்படியே விட்டுவிட்டு அப்பா வந்தார். விஷயம் தெரிந்ததும் அவர் முகம் கறுத்தது.

"ஏம்மா, கட்டுன புருசன் குத்துக்கல்லாட்ட நிக்கறான். வெள்ளையக் கட்டிட்டு ஊடு ஊடாப் போறீங்களே, எங்க பொம்பளைங்க தாலி என்னாகறது?"

"எங்க சபைல வெள்ளைன்னா சுத்தமுங்க, துக்கமில்லீங்க" என்றார் அந்தம்மா. "பொட்டும் நகையும் வேண்டாம்னு நாங்களாத்தான் விட்டுப்போட்டோமுங்க."

அத்தை சட்டென்று தலையைத் தூக்கி அந்தம்மாவின் சீலையைப் பார்த்தாள். அன்றைக்குத்தான் முதல்தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"இனிமே இந்த இட்டேரில உங்க காலடி படக்கூடாது" என்றார் அப்பா. வீட்டுக்காரர் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். அந்தம்மா அவர் கையைத் தொட்டு நிறுத்தினார். அத்தையைப் பார்த்து, "வாரேன் கண்ணு" என்றார். வரப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அவர்கள் தலை மறைவதற்குள் அம்மா சாணித் தண்ணீர் கரைத்து வந்து மரத்தடி முழுக்கத் தெளித்து மெழுகிவிட்டாள். மண்ணில் இருந்த பாதிப் பெயரும் அதோடு போயிற்று.

நான் அத்தையின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அத்தை, அவங்க ஊட்டுக்காரரு எந்திரிச்சு வந்துட்டாருங்க! நம்ம மாமன் எப்ப வருவாரு?"

அத்தை கையை உருவிக்கொண்டாள். நேரே அப்பாவின் முன்னால் போய் நின்றாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

"ஏனுங்ணா, புருசன் இருக்கறவ வெள்ளை கட்டலாம்னா, இல்லாதவ சாயச் சீலை கட்டக்கூடாதுங்களா? எனக்கு ஒண்ணு எடுத்துக் குடுங்ணா."

அடிக்க ஓங்கிய அப்பாவின் கை பாதியில் நின்றுவிட்டது. "கிறுக்குப் புடிச்சுப்போச்சா உனக்கு!" என்று கத்திவிட்டுக் கிணற்றுப் பக்கம் போய்விட்டார். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். எல்லோரும் எதற்கு இப்படிக் கலங்குகிறார்கள் என்று எனக்குத்தான் விளங்கவில்லை. மாமன் வரப்போகிறார், அதனால் அத்தை சாயச் சீலை கேட்கிறாள். இதில் அழ என்ன இருக்கிறது?

இட்டேரி முனைக்கு ஓடிப்போய் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டேன். மழை வரவில்லை. வெயில் இறங்கியபிறகு என்னைத் தேடிக்கொண்டு அத்தை வந்தாள்.

"இங்க என்ன கண்ணு பண்றே?"

"மாமன் வாராரான்னு பாக்கறேன். அதுக்குத்தானே சாயச் சீலை கேட்டீங்க?"

அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் அந்தத் தடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமனுக்கில்ல கண்ணு. எனக்கு."

என்ன நிறம் என்று கேட்டேன். கத்தரிப்பூ நிறம் என்று உடனே சொன்னாள், ரொம்ப நாளாக யோசித்து வைத்திருந்தவள் மாதிரி. மாமன் பார்க்காத சீலைக்கு நிறம் எதற்கு என்று எனக்கு விளங்கவே இல்லை. இருட்டுகிறவரை சைக்கிள் மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.