அடித்தாலும் ஒன்றும் கிடைக்காதபடி

தம்பி அப்பாவின் கையை உடைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். நான் விழுப்புரத்தில் என் வீட்டில் இருந்தேன். திண்டிவனத்திலிருந்து தம்பியின் மனைவி போன் செய்தாள்.

"அண்ணி, மாமாவ அடிச்சிக்கினே இருக்காரு. ஜல்தி வாங்க."

அவள் குரலுக்குப் பின்னால் அப்பா கத்துவது கேட்டது. அப்புறம் போன் எங்கேயோ விழுந்து லைன் அறுந்தது.

நான் போனபோது அப்பா கூடத்தில் தரையில் கிடந்தார். பக்கவாதம் வந்து அவருடைய வலது கையும் காலும் ஏற்கெனவே செயலிழந்திருந்தன. உடைந்தது இடது கை. வீட்டைத் தன் பேருக்கு எழுதிக்கொடுக்கச் சொல்லி, தம்பி அவர் இடது கட்டைவிரலில் மையைத் தடவி பத்திரத்தில் அழுத்தப் பார்த்திருக்கிறான். அப்பா விரல்களை மடக்கிக்கொண்டார். தம்பி சைக்கிள் பம்பை எடுத்து மணிக்கட்டில் அடித்துவிட்டான். வீட்டை விற்று வேன் வாங்க வேண்டும் என்பது அவன் திட்டம். தம்பி மனைவி குறுக்கே போனதில் அவளுக்கும் தோளில் விழுந்திருந்தது. தம்பியைக் காணவில்லை. சாராயக் கடைக்குப் போயிருந்தான்.

முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது அப்பா, "வழுக்கி வுழுந்துட்டேன்" என்றார்.

பின்னால் நின்ற மருமகள் சொன்னாள்: "வுழல சார். எங்க வூட்டுக்காரர் அடிச்சாரு."

அப்பாவைப் பார்த்து எனக்கு முதலில் அழுகை வரவில்லை. தொண்ணூற்று மூன்றில் நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். ரயில்வேயில் தண்டவாள வேலை முடித்து வருகிற அப்பா, குழம்பில் உப்பு கூடிப்போனால் தட்டோடு அம்மாவின் முகத்தில் எறிவார். ஒருநாள் அவர் அறைந்த அறையில் அம்மாவுக்கு ஒரு காது கேட்காமல் போனது. கடைசிவரை கேட்கவேயில்லை. தம்பி அப்போது கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்தவரைப் பார்க்கும்போது, பட்டால்தான் தெரியும் என்று உள்ளுக்குள் ஒன்று சொன்னது. பிறகு அவர் தண்ணீர் கேட்டார். இரண்டு கையும் உதவாமல் கன்றுக்குட்டி மாதிரி வாயை நீட்டிக் குடித்தார். அப்போதுதான் அழுதேன்.

"எங்கூட வந்துடுங்க" என்றேன்.

"வேணாம். அங்கயும் வந்து அடிப்பான். உன்னையும் அடிப்பான். ஏதாவது ஹோம்ல சேத்துடு."

மயிலம் போகிற வழியில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஓர் இல்லம் இருந்தது. படுக்கையில் கிடப்பவர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். மாதக் கட்டணம், மருந்து, டயபர் எல்லாவற்றுக்கும் பென்ஷன் மட்டும் போதாது. வீட்டின் முன்பகுதியை வாடகைக்கு விட்டால் சரியாக வரும். ஆனால் வீடு அப்பா பேரில் இருக்கிறவரை தம்பி அவரை விட மாட்டான். திண்டிவனத்தில் ஒரு பெண் வக்கீலிடம் போனேன். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"உயில் எழுதினா அப்பா இருக்கிற வரைக்கும் மாத்தலாம். மாத்தலாம்னா, அடிச்சும் மாத்த வைக்கலாம். உங்க பேருக்கு எழுதினா உங்கள அடிப்பான். அவன் பொண்டாட்டி பேருக்கு எழுதினா அவள கொன்னே போட்டுடுவான்."

"அப்ப யார் பேருக்குங்க எழுதறது?"

"உங்க தம்பி பொண்ணு, அந்தப் பேத்தி பேருக்கு செட்டில்மென்ட் எழுதுங்க. உயில் மாதிரி அத அப்புறம் மாத்த முடியாது. மைனர் சொத்து. கோர்ட் அனுமதி இல்லாம பெத்தவங்களே விக்க முடியாது. அப்பா இருக்கிற வரைக்கும் வாடகை அவருக்குன்னு சேத்துடலாம். அப்புறம் யார அடிச்சாலும் ஒண்ணும் கெடைக்காது."

அந்த வீட்டில் எனக்கு ஒரு செங்கல்கூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை, வேண்டும் என்று கேட்கவும் வாய் வரவில்லை. அப்பாவிடம் சொன்னபோது உடனே தலையாட்டினார்.

பதிவு அன்று, வக்கீல் முன்னால் போக, நானும் தம்பி மனைவியும் அப்பாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு பதிவு ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மாவுக்கட்டுக்கு வெளியே கட்டைவிரல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. சார்பதிவாளர் குனிந்து கேட்டார்:

"பெரியவரே, யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

"ஒருத்தன் பண்ணான். அவனுக்கு எழுதல."

ரேகை வைத்துவிட்டு வெளியே வந்தோம். யாரோ சொல்லித் தம்பிக்குத் தெரிந்திருந்தது. கையில் பைக் செயினோடு வந்தான். வந்த வேகத்தில் நாற்காலியை உதைத்தான். அப்பா மாவுக்கட்டோடு மண்ணில் முகம் குப்புற விழுந்தார். நான் குனிந்து தூக்கும்போது செயின் என் புருவத்தில் விழுந்தது. கண்ணுக்குள் ரத்தம் இறங்கி ஒரு பக்கம் எதுவும் தெரியவில்லை. அவன் மனைவி செயினைப் பிடித்துத் தொங்கினாள். அவள் தலைமுடியைப் பிடித்துத் தூணில் மோதினான். பத்திரம் எழுதுகிறவர்கள், டீக்கடைக்காரர் எல்லாரும் ஓடிவந்து அவனை அமுக்கினார்கள்.

வக்கீல் அவன் எதிரில் போய் நின்று சொன்னார்: "எழுதி முடிச்சாச்சு. உன் பொண்ணு பேர்ல இருக்கு வீடு."

"எம் பொண்ணு பேர்லயா?"

அவன் சுற்றிலும் பார்த்தான். அப்பாவை, என்னை, மனைவியை. யாரை அடிப்பது என்று தெரியாதவன் போல நின்றான். பிறகு பிடித்திருந்தவர்களை உதறிக்கொண்டு போய், நின்றிருந்த ஆட்டோவின் கம்பியில் தன் நெற்றியையே திரும்பத் திரும்ப மோதிக்கொண்டான். போலீஸ் வந்துதான் நிறுத்தினார்கள். ஸ்டேஷனில் அவன் மனைவி வீங்கிய உதட்டோடு புகார் சொன்னாள், கையெழுத்தும் போட்டாள். கொஞ்ச நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தவன், பாண்டிச்சேரி பக்கம் மூட்டை தூக்கப் போய்விட்டான். அவளும் மகளும் வீட்டின் பின்பகுதியில் இருந்துகொண்டார்கள். அப்பாவை மயிலம் வழி இல்லத்தில் சேர்த்தேன். முன்பகுதியின் வாடகை அங்கே கட்டணமாகப் போனது.

அங்கே அப்பாவும் சும்மா இருக்கவில்லை. கஞ்சி சூடாக இருந்தது என்று ஆயாவை மாவுக்கட்டுக் கையால் வாயில் அடித்துவிட்டார். பல் ஆடிப்போன அந்த அம்மா என் முன்னால் நின்று அழுதாள். நான் அப்பாவின் கட்டிலுக்குப் போனேன்.

"இன்னொரு தடவ கை ஓங்கினீங்கன்னா வூட்டுக்கே அனுப்பிடுவாங்க. கூட்டிக்கினு போக நான் வரமாட்டேன்."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் புகார் வரவில்லை. நான்கைந்து வருஷம் அங்கேயே இருந்து, ஒரு காய்ச்சலில் போனார்.

அடக்கத்துக்குத் தம்பி வந்தான். பெட்டியைத் தூக்க அவனும் தோள் கொடுத்தான். குழிக்குள் மண் போட்டுவிட்டு என் பக்கம் வந்தான். என்னமோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் என் கை தானாக மேலே எழும்பி முகத்தை மறைத்துக்கொண்டது. அவன் அதைப் பார்த்தான். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு விலகி நின்றான். கொஞ்ச நேரம் கழித்து, கல்லறைகளுக்கு நடுவே நடந்து பஸ் ஸ்டாப் பக்கம் போய்விட்டான்.