மோரின் மேல் விழுந்த பழி

வயிற்றுப்போக்குக்கு மோர் ஆகுமா, ஆகாதா என்று என்னிடம் யாரும் கேட்காதீர்கள். கேட்டால் எரிச்சல்தான் வரும். அந்த ஒரு பேச்சில் எங்கள் வீட்டில் ஒரு மனுஷியின் பிழைப்பே போயிற்று.

தென்காசியில் நான் வாழ்க்கைப்பட்டு அப்போது ஐந்து வருஷம் இருக்கும். சாரல் விழுந்தால் ஊரே சந்தோஷப்படும், எனக்கு மட்டும் பகீரென்று இருக்கும். வீட்டுக்காரரின் சொந்தபந்தம் அத்தனையும் குற்றாலத்தில் குளிக்கவென்று எங்கள் வீட்டில் வந்து இறங்கும். காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வண்டி கட்டிப் போவார்கள், அகோரப் பசியோடு திரும்புவார்கள். ஒரு பந்தி எழுந்தால் அடுத்த பந்தி. ஈர விறகை ஊதி ஊதி என் கண் கோவைப்பழமாகிவிடும். அப்பாடா என்று உட்கார ஒரு நாழிகை கிடைக்காது. கூடமாட நின்றது மதினி ஒருத்திதான். மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. சின்ன வயதில் தாலியறுத்து, பிள்ளைகுட்டி இல்லாமல் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். என் மூன்று வயது மகளை இடுப்பை விட்டு இறக்கமாட்டாள்.

குளிக்கப் போனவர்கள் திரும்பும்போது வண்டிக்காரனை விட்டு ஒரு குடம் அருவித் தண்ணீர் பிடித்துக் கொண்டுவருவார்கள். வாந்திபேதிக்குப் பயந்து கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடித்தோம். அருவித் தண்ணீரை மட்டும் காய்ச்சக்கூடாதாம். “மூலிகையில ஊறி வாற தண்ணி. காய்ச்சினா சத்துப் போயிரும்லா?” என்பார் விருந்துக்கு வந்திருந்த அண்ணாச்சி, வீட்டுக்காரரின் பெரியப்பா மகன். நானும் நம்பினேன். பிள்ளை உடம்புக்கு நல்லதாயிற்றே என்று, காலையில் மோரை நீர்க்கக் கலக்க அந்தத் தண்ணீரைத்தான் ஊற்றுவேன்.

அந்த வருஷம் மகளுக்கு வயிறு போக ஆரம்பித்தது. மதினி என் மோரில் சுக்கும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்டுக் கொடுத்தாள். சாயங்காலத்துக்குள் இன்னும் மோசம். அண்ணாச்சி குதித்தார். “சாரல்ல பச்சப்புள்ளைக்கு மோரு குடுக்கியே, உனக்கு புத்தி இருக்கா? குளிர்ச்சில்லா அது!” அவருக்கும்தான் வயிறு போய்க்கொண்டிருந்தது. அதற்கு மாம்பழத்தைக் குற்றம் சொன்னார். மோர் நின்றது. இரண்டு நாள் கஞ்சி மட்டும். பிள்ளை தெளிந்தாள். அண்ணாச்சிக்குக் கேட்கவேண்டுமா, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தன் கெட்டிக்காரத்தனத்தை அளந்தார்.

மூன்றாம் நாள் பிள்ளை மோர் மோர் என்று அழுதாள். மதினிக்கு மனசு பொறுக்கவில்லை. நான் கலக்கி வைத்திருந்ததில் ஒரு தம்ளர் யாருக்கும் தெரியாமல் கொடுத்துவிட்டாள். பொழுது சாய்வதற்குள் பிள்ளைக்குக் கண் குழி விழுந்துவிட்டது. நாக்கு வறண்டு, கூப்பிட்டால் திரும்பவில்லை. வீட்டுக்காரர் தாலுகா கச்சேரி வேலையாக வெளியூர் போயிருந்தார். தூக்கிக்கொண்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். போகிற வழியெல்லாம் என் உயிர் என் கையில் இல்லை.

டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். மோர் கொடுத்தோம் என்றேன், குற்றவாளி மாதிரி. “மோர் ஒண்ணும் செய்யாது. எந்தத் தண்ணி ஊத்தினீங்க?” என்றார். அருவித் தண்ணீர், காய்ச்சாதது என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “அத்தனை பேர் எண்ணெயும் அழுக்குமாக் குளிக்கிற இடத்துல, கீழே ஓடுறதைத்தானே வண்டிக்காரன் மோந்து தருவான்? உங்க புள்ளைக்குக் கேடு அதுதாம்மா.”

என் கையால் ஊற்றினேன். தினமும் ஊற்றினேன்.

உப்புக்கஞ்சியும் மருந்துமாக, நாலாம் நாள் பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தாள். வீட்டுக்குத் திரும்பினால் அங்கே மதினி மூலையில் சுருண்டு கிடக்கிறாள். மோர் கொடுத்ததை அவளே சொல்லியிருக்கிறாள். “புள்ளையக் கொல்லப் பாத்தாளே பாவி” என்று அண்ணாச்சி ஊர் திரும்பும்வரை ஓயவில்லை. வெளியூரிலிருந்து வந்த வீட்டுக்காரரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாவூர்சத்திரத்துக்கு அந்தப் பக்கம், மதினியின் கொழுந்தன் வீட்டுக்கே அவளை அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று. அந்த வீட்டில் ஒரு வாய்ச் சோறு முகம் கோணாமல் போடமாட்டார்கள். எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பழி என் தலையில் விடியும் என்று பயம். அருவித் தண்ணீரைக் குறை சொல்ல இவள் யார் என்பார்கள். அதோடு, பொய் சொல்வானேன், அசதி. ஆஸ்பத்திரியில் கண்மூடாமல் இருந்துவிட்டு வந்து, மறுபடி அடுப்படியில் நிற்கிறேன். வாயைத் திறந்து ஒரு சண்டையைத் தொடங்க என் உடம்பில் தெம்பில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஐந்து நாள் போயிற்று. ஆனால் அன்றிலிருந்து குடத்தில் வந்த அருவித் தண்ணீரை யாரும் பார்க்காமல் காய்ச்சி வைத்தேன். அதற்கு மட்டும் தெம்பு இருந்தது.

மதினி போகிற அன்று காலையில் வண்டி வாசலில் நின்றது. ஒரு தகரப்பெட்டி, ஒரு துணிமூட்டை. என் இடுப்பிலிருந்த பிள்ளை அவளிடம் தாவக் கையை நீட்டினாள். மதினி வாங்கவில்லை. இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு தள்ளியே நின்றாள். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“ஏட்டி, புள்ளைக்கு இனி மோரு மட்டும் குடுத்துராத. நான்தான் அறிவுகெட்டுப் போய்ச் செஞ்சிட்டேன். நீ சூதானமா பாத்துக்கோ.”

“சரி மதினி” என்றேன்.