மேசைக்கு அடியிலிருந்து ஒரு கேள்வி

நோயெமிக்குப் பேச்சு வராது. எனக்கு அது நிற்காது. எங்கள் இருவரையும் ஒரே வாங்கில் உட்கார வைத்தவர்கள் இதைத்தான் மனதில் வைத்திருந்தார்களோ என்னவோ. அவளுக்கு எட்டு வயது, எனக்கு ஒன்பது.

அம்மா நோயெமியின் வீட்டில் வேலை செய்தார். நோயெமியின் தாயை நாங்கள் சிஞ்ஞோரா என்போம். அவர் ஆஸ்பத்திரியில் தாதி, ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலைக்குப் போவார். அதனால் ஞாயிறு காலைகளில் நோயெமியை அவர்களுடைய சமய வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போவது அம்மாவின் பொறுப்பாக இருந்தது. நகரின் ஓரத்தில், பிரான்காச்சோவில் இருந்த எங்கள் வீட்டில் என்னைத் தனியே விட முடியாது என்பதால் நானும் போனேன். அவர்கள் யூதர்கள், நாங்கள் சைவம். அம்மாவைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான் என்பார். அவர்கள் செருப்போடு உள்ளே போகிறார்களே என்று நான் கேட்டால், நீ உன்னுடையதைக் கழற்று என்பார்.

வகுப்பு நடந்தது ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில். அதுதான் அவர்களுடைய தொழுகைக்கூடமும். ஒரு நீள மேசை, புத்தக அலுமாரி, திரை போட்ட ஒரு பெட்டகம், அவ்வளவுதான். முதல் நாள் அம்மா நோயெமியை வாசலில் விட்டுவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். ஆசிரியை வெளியே வந்து எங்களைப் பார்த்தார். “இங்கே யாரும் படிக்கட்டில் காத்திருப்பதில்லை. உள்ளே நாற்காலி இருக்கிறது” என்று இத்தாலியனில் மெதுவாகச் சொன்னார்.

பிள்ளைகள் அவரை மொரா என்று கூப்பிட்டார்கள். இத்தாலியனில் மொரா என்றால் கறுத்த முடிக்காரி. அவருடைய முடியும் கறுப்பாக இருந்ததால் அது பட்டப்பெயர் என்றே நெடுநாள் நம்பினேன். அவர்களுடைய ஹீப்ரு மொழியில் ஆசிரியைக்கு அதுதான் சொல் என்பது பிறகுதான் தெரிந்தது. கிழமை நாட்களில் அவர் துறைமுகத்தில் நாப்போலிக் கப்பலுக்கு டிக்கெட் கொடுப்பவர்.

அவருடைய வகுப்பைப் போல ஒரு வகுப்பை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. ஒரு பையனுக்கு ஓரிடத்தில் இருக்க முடியாது. அவன் மேசையைச் சுற்றி நடந்துகொண்டே வாசிப்பான். அவன் வரும்போது நாங்கள் கால்களை உள்ளே இழுத்துக்கொள்வோம். இன்னொரு மாணவர் இளைப்பாறிய பஸ் சாரதி, அறுபது தாண்டியவர். தன் பூட்டனார்கள் யூதர்கள் என்று கண்டுபிடித்து, எங்களோடு சின்னக் கதிரையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து முதல் எழுத்திலிருந்து படித்தார். எழுத்து வலமிருந்து இடமாக ஓடுவது அவருக்குப் பிடிபடவே இல்லை. “நாற்பது வருஷம் இந்த ஊரில் எதிர்த்திசையில் வராதே என்று மற்றவர்களைத் திட்டினேனே!” என்பார்.

நோயெமிக்கு ஒரு மட்டை இருந்தது. ஒரு பக்கம் இத்தாலிய எழுத்துகள். மறுபக்கம் மொரா தன் கையால் பெரிதாக எழுதிய ஹீப்ரு எழுத்துகள். நோயெமி விரலால் ஓர் எழுத்தைத் தொடுவாள். வகுப்பு முழுவதும் அதை உரக்கச் சொல்லும். அப்படித்தான் அவள் வாசித்தாள். அவளுடைய விரல் அவள் சொன்னதை உடனே கேட்காது. ஆடும், விலகும், திரும்பி வரும். அதுவரை எல்லோரும் காத்திருப்பார்கள். முன்பு வேறோர் ஊரில், ஒப்புவிக்க முடியாத பிள்ளை எதைப் படிக்கும் என்று கேட்டு அவளைத் திருப்பி அனுப்பியிருந்தார்களாம். சிஞ்ஞோரா இதை அம்மாவிடம் சொன்னபோது இருவரும் சமையலறையில் அழுதார்கள்.

பெசாக் பண்டிகை வந்தது. எகிப்தில் அடிமைகளாக இருந்தவர்கள் தப்பி வந்த கதையைச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொல்லும் பண்டிகை. அந்தக் கதை தானாகத் தொடங்காது. இருப்பவர்களில் ஆகச் சின்னப் பிள்ளை, மற்ற நாட்களிலிருந்து இந்த நாள் ஏன் வேறு என்று கேட்க வேண்டும். வகுப்பில் ஆகச் சின்னவள் நோயெமி. பெற்றோர் முன்னிலையில் ஒத்திகை விருந்து ஒன்று ஞாயிறு மதியம் நடக்க இருந்தது. நீண்ட கேள்வியின் முதல் இரண்டு சொற்களை அவள் தொட்டுக் காட்டினால் போதும், மிச்சத்தை எல்லோரும் சேர்ந்து பாடுவோம் என்றார் மொரா. மா நிஷ்தனா. ஏழு எழுத்து. நாங்கள் மூன்று வாரம் பழகினோம். அந்த வாரங்களில் முழுக் கேள்வியும் எனக்குப் பாடமாகிவிட்டது.

அன்று மேசையில் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். தட்டில் முட்டை, கீரை, கசப்பு இலை, பக்கத்தில் புளிக்காத மாவில் சுட்ட தட்டை ரொட்டி. நடுவில் ஒரு மந்தரின் தோடம்பழம், பக்கத்துச் சியாகுல்லியில் விளைந்தது. இது கதையில் எங்கே வருகிறது என்று கேட்டேன். “எங்கேயும் வராது. வெளியே நிறுத்தி வைக்கப்பட்டவர்களுக்காக நாங்களே வைத்தது” என்றார் மொரா. அம்மா கசப்பு இலையை மோந்து பார்த்து, “இதுக்குப் பாவக்காயே வைச்சிருக்கலாம்” என்று என் காதில் சொன்னார்.

நோயெமி தொடங்கினாள். மேம், என்றது மேசை. ஹே. நூன். அடுத்த எழுத்துக்கு விரல் போகவில்லை. விலகியது, திரும்பியது, மறுபடி விலகியது. யாரோ இருமினார்கள். ஒரு கதிரை கிறீச்சிட்டது. சிஞ்ஞோரா தலையைக் குனிந்துகொண்டார். அவரைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று கேள்வி முழுவதையும், முதலிலிருந்து கடைசிவரை, தடங்கலில்லாமல் சொல்லி முடித்தேன்.

சிலர் கைதட்டினார்கள். “பார், சிலோன் பிள்ளை!” என்று யாரோ வியந்தார்கள். நான் பெருமையாக நோயெமியைப் பார்த்தேன். அவள் மட்டையைத் தள்ளி விழுத்தினாள். பிறகு கதிரையிலிருந்து வழுகி, மேசைக்கு அடியில் போய்விட்டாள்.

கைதட்டல் நின்றது. மொரா என்னை ஏசவில்லை. “நீ அழகாகச் சொன்னாய், ஒரு எழுத்தும் பிழையில்லை” என்றார். பிறகு எல்லோரையும் பார்த்து, “ஆனால் கேள்வி இன்னும் கேட்கப்படவில்லை” என்றார்.

“அப்போ சூப்?” என்றார் பஸ் சாரதி.

“நாற்பது வருஷம் பாலைவனத்தில் நடந்த ஆட்கள் நாங்கள். ஒரு சூப்புக்குக் காத்திருக்க மாட்டோமா?” என்றார் மொரா.

நடக்கிற பையன்தான் முதலில் நின்றான். விழுந்து கிடந்த மட்டையை எடுத்துக்கொண்டு, துணியைத் தூக்கி உள்ளே நுழைந்தான். மற்றப் பிள்ளைகள் பின்னால் போனார்கள். நான் அம்மாவின் பக்கத்தில் நின்றேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்தேன். சற்று நேரத்தில் கீழேயிருந்து பையனின் குரல் ஒவ்வொரு இத்தாலிய எழுத்தாகச் சொன்னது. சேர்த்துப் பார்த்தால் என் பெயர். அதன் பிறகு, ‘வா.’ அதன் பிறகு, ‘வாயை மூடிக்கொண்டு.’

பெரியவர்கள் சிரித்துவிட்டார்கள். அம்மா முதுகில் கை வைத்து என்னைத் தள்ளினார். “போ பிள்ளை. கூப்பிடுறாள் எல்லே.”

துணிக்குள் வெளிச்சம் பால் போல இருந்தது. சுற்றிலும் பெரியவர்களின் சப்பாத்துகள். நோயெமி என்னைப் பார்க்கவில்லை, ஆனால் நகர்ந்து இடம் விட்டாள். நான் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் மட்டையைத் திருப்பி, முதலிலிருந்து தொடங்கினாள். நாங்கள் நான்கைந்து பேர், நான் மட்டும் பொத்திய கைகளுக்குள் முணுமுணுத்தேன். பிள்ளைகள் எழுத்தைச் சொன்னார்கள். மேலே இருந்தவர்கள், எதையும் காணாமலே, அதைத் திருப்பிச் சொன்னார்கள். நான்காவது எழுத்துக்கு நாங்கள் எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்று தெரியாது. ஒருவரும் இருமவில்லை. ஷீன். தாவ். நூன். கடைசி ஹே வந்தபோது மேசை நடுங்கும்படி மேலே பாட்டு எழுந்தது.

பாட்டு முடிந்தும் நோயெமி வெளியே வரவில்லை. மட்டையை இத்தாலியப் பக்கம் திருப்பினாள். இது பழகாதது. எழுத்தெழுத்தாக வந்தது: ‘ஏன் எல்லோருக்கும் அவசரம்?’

மேலே அதையும் திருப்பிச் சொன்னார்கள். பிறகு பஸ் சாரதி மேசையில் ஓங்கி அடித்தார். “அதுதானே கதை! மா புளிக்கக்கூட நேரமில்லாமல் ஓடினவர்கள் அல்லவா!” என்று, தான் படித்த அத்தனையையும் சூப்பை மறந்து சொல்லத் தொடங்கினார். மொரா குனிந்து உள்ளே பார்த்தார். கண் ஈரமாக இருந்தது. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அந்தக் கேள்வியைத் தன் புத்தகத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அம்மாவைக் கேட்டேன்: “நான் உதவிதானே செய்தனான்?”

“ஓம்” என்றார் அம்மா.

அதற்கு அடுத்த வாரம் அம்மாவின் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்துக்குப் போனோம். அலுவலகங்களில் அம்மாவுக்காகக் கதைப்பது எப்போதும் நான்தான். அதிகாரி ஏதோ கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் கை என் தோளை அழுத்தியது.

“பொறு. நான் சொல்லுறன்.”

அம்மா சொன்னார். அவருடைய இத்தாலியன் நொண்டி நொண்டி நடந்தது. அதிகாரி பேனாவை உருட்டினார். பின்னால் வரிசை பெருமூச்சு விட்டது. நடுவில் ஒரு சொல் அம்மாவுக்கு அகப்படவில்லை. அது என் நாக்கு நுனியில் சுட்டுக்கொண்டு நின்றது. அம்மா மேலே பார்த்தார், கீழே பார்த்தார், பிறகு தானே அதைக் கண்டுபிடித்தார், கொஞ்சம் பிழையாக. அதிகாரி தலையாட்டி முத்திரை குத்தினார்.

வெளியே வந்ததும் அம்மா வழக்கத்தைவிட வேகமாக நடந்தார். நான் கேட்காமலே எனக்குப் பெரிய ஐஸ்கிரீம் ஒன்று வாங்கித் தந்தார். தனக்கும் ஒன்று வாங்கினார், அவர் வெளியில் ஒன்றும் வாங்கிச் சாப்பிடாதவர். தெருவில் நின்று, சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். எதற்கு இதெல்லாம் என்று எனக்கு விளங்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றதற்கு எனக்குக் கிடைத்த பரிசு என்று நினைத்துக்கொண்டேன்.