பந்தைத் தொட்டால் கடிகாரம் ஓடும்

ஏழு ஆட்டங்கள். பிரென்னா லோக்கன் தன் கல்லூரிக் கூடைப்பந்து அணியின் முதல் ஐவரில் ஒருத்தியாக இறங்கியது, அடிபடும்வரை, மொத்தம் அவ்வளவுதான். அதற்கு முன் மூன்று ஆண்டுகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் பாட்டில் நீட்டினாள், துண்டை வீசினாள், மற்றவர்கள் கூடை போட்டால் எல்லாருக்கும் முன்னால் எழுந்து கைதட்டினாள். கோச் ஒரு நிமிடம் இறக்கிவிட்டால் அந்த ஒரு நிமிடம் ஓடினாள். நான்காம் ஆண்டில்தான் இடம் கிடைத்தது. ஏழாவது ஆட்டத்தில், டிசம்பர் முதல் வாரம், யாரும் இடிக்காமல், யாரும் அருகில்கூட இல்லாமல், திரும்பிய இடத்திலேயே இடது முழங்கால் மடங்கியது. உள்ளே தசைநார் அறுந்த சத்தம் மூன்றாவது வரிசையில் இருந்தவர்களுக்கே கேட்டது.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்து வடக்கில் பன்றிப் பண்ணை வைத்திருக்கும் குடும்பம் அவளுடையது. அப்பா கார்டி கொட்டகைச் சுவரில் அடித்துக் கொடுத்த வளையத்தில்தான் பந்து போடப் பழகினாள். குறி தப்பினால் பந்து நேராகச் சாணிக் குழிக்குள் போகும். “என் பொண்ணு குறி தப்பாம போடறாளேன்னு ஆச்சரியப்படறீங்களே, நீங்க ஒரு தடவை அந்தப் பந்தை எடுத்துக் கழுவிப் பாருங்க,” என்று அரங்கில் பக்கத்தில் உட்காருபவர்களிடமெல்லாம் கார்டி சொல்வார். பெஞ்சிலேயே இருந்த மூன்று ஆண்டுகளிலும் அவர் ஒரு உள்ளூர் ஆட்டத்தைக்கூடத் தவறவிட்டதில்லை.

அறுவை சிகிச்சை முடிந்து ஊன்றுகோலோடு வந்தவளுக்கு, அணியின் காயங்களைக் கவனிக்கும் லூ ஒரு நல்ல செய்தி வைத்திருந்தார். அடிபட்டதால் வீணான ஆண்டைத் திரும்பத் தருவார்கள். மெடிக்கல் ரெட்ஷர்ட் என்று பெயர். சிவப்புச் சட்டை என்று எதுவும் கிடையாது. நிபந்தனைகள்தான் உண்டு. பருவத்தின் முதல் பாதியில் அடிபட்டிருக்க வேண்டும். மொத்த ஆட்டங்களில் பத்தில் மூன்று பங்குக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது. இரண்டாம் பாதியில் ஒரு தடவைகூடக் களத்தில் இறங்கியிருக்கக் கூடாது.

“இருபத்தெட்டு ஆட்டத்துல ஏழுதானே? தப்பிச்சே,” என்றார் லூ. “இனிமே ஒண்ணே ஒண்ணு. கோட்டுக்கு அந்தப் பக்கம் கால் வைக்காதே.”

“காலை வைக்கவே முடியல, லூ.”

“அதான் சொல்றேன். அப்படியே இரு.”

அன்று அவள் சிரித்துக்கொண்டே வெளியே வந்ததை, உள்ளூர்ச் செய்தித்தாளுக்காக அங்கே போயிருந்த நான் பார்த்தேன். ஒரு முழு ஆண்டு. முதல் ஐவரில், பருவத்தின் முதல் ஆட்டத்திலிருந்து கடைசி ஆட்டம்வரை. அவள் கேட்டதெல்லாம் அதுதான்.

ஜனவரியில் கல்லூரியின் விதிமுறை அலுவலர் வேறொரு பெரிய கல்லூரிக்கு வேலை மாறிப் போனார். புது ஆள் கோடையில்தான் வருவார் என்றார்கள். அந்த அறையில் நாற்காலி மட்டும் இருந்தது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. விண்ணப்பத்தைப் பருவம் முடிந்த பிறகுதானே அனுப்ப வேண்டும்?

பிப்ரவரியின் கடைசிச் சனிக்கிழமை சீனியர் நைட். நான்காம் ஆண்டு மாணவிகளைப் பெற்றோரோடு களத்தின் நடுவே நிறுத்தி, பூங்கொத்து கொடுத்து வழியனுப்பும் இரவு. அடுத்த ஆண்டும் ஆடப்போகிறவள் என்றாலும், கூடப் படித்தவர்களோடு நிற்கத்தான் பிரென்னா நினைத்தாள். நிற்பதில் தவறில்லை.

ஆனால் கோச் வாண்டா புரூயிட்டுக்கு ஒரு யோசனை வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு கல்லூரியில் அவர் பார்த்தது. அடிபட்ட மாணவியை முதல் ஐவரில் இறக்குவார்கள். எதிரணி கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அவள் நடந்து போய் ஒரு கூடை போடுவாள். பதிலுக்கு எதிரணியை ஒரு கூடை போட விடுவார்கள். பிறகு அவள் வெளியே வந்துவிடுவாள், உண்மையான ஆட்டம் தொடங்கும். அன்று அரங்கமே அழுதது. அங்கே இறங்கிய மாணவிக்கு அதுதான் கடைசி ஆண்டு, அவள் எந்த ஆண்டையும் திரும்பக் கேட்கப் போவதில்லை. இந்த வித்தியாசம் வாண்டாவுக்குத் தோன்றவில்லை. எதிரணிக் கோச்சுக்குப் போன் செய்தார். அந்த அம்மாளும் போனிலேயே மூக்கை உறிஞ்சியபடி சம்மதித்தார்.

லூ மட்டும் கேட்டார். “ஆபீஸ்ல யாரையாவது கேட்டீங்களா?”

“யாரைக் கேக்கறது? அந்த நாற்காலியையா?” என்றார் வாண்டா. “ஒரு கூடை போட்டுட்டு வெளிய வரப்போறா, லூ. இதுக்குப் பேர் ஆட்டமா?”

லூ முழங்கால் பட்டையின் அளவைச் சரிபார்க்கப் போய்விட்டார். அவருடைய வேலை முழங்கால். விதிகள் வேறொருவருடைய வேலை, அந்த வேறொருவர் ஊரில் இல்லை.

சனிக்கிழமை மதியத்திலிருந்தே காற்று பேயாக அடித்தது. பனிப்புயல் வருகிறது, வெளியே போகாதீர்கள் என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. கார்டி கேட்கவில்லை. அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களை எல்லாம் திரட்டி, நான்கு வண்டிகளில், ஒன்றன்பின் ஒன்றாக, முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டே வந்து சேர்ந்தார். எல்லார் மீதும் பதினான்காம் எண் போட்ட சட்டை. பிரென்னாவின் எண்.

“அப்பா, இந்தக் காத்துல எதுக்குப்பா இத்தனை பேரு?”

“நீ பந்து போடறதைப் பாக்க ஒண்ணரை மணி நேரம் வண்டி ஓட்டிருக்கோம். தப்பா போட்டே, உன்னை அந்தக் குழிக்குள்ள தள்ளிடுவேன்.”

தொடங்குவதற்குச் சற்று முன் தலைமை நடுவர் வாண்டாவிடம் வந்தார். வார நாள்களில் காப்பீடு விற்பவர், ஒல்லியான, சிரிக்காத மனிதர். பிரென்னா இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள்.

“கோச், நீங்க ரெண்டு பேரும் என்ன வேணா பேசி வச்சுக்கங்க. ஆனா ஒண்ணு. பந்தைத் தொட்டா கடிகாரம் ஓடும். கூடை விழுந்தா கணக்குல ஏறும். அதை நான் நிறுத்த முடியாது.”

“ஓடட்டுமே. சில செகண்டுதானே.”

நடுவர் தோளைக் குலுக்கிவிட்டு நடுவட்டத்துக்குப் போனார்.

பிரென்னாவின் முகம் மாறியது. பெஞ்சின் கோடியில் நின்ற லூவைப் பார்த்தாள். லூ தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கோச்… இது நான் ஆடினதா ஆயிடாதா?”

“அட, இது ஒரு சடங்குடா கண்ணு. நாங்கல்லாம் உனக்காகப் பண்றது. இதுக்குப் போய் யாரு உன்னைக் கேக்கப் போறா?”

“இல்ல, லூ அன்னைக்கு என்கிட்ட…”

அறிவிப்பாளர் அவள் பெயரைச் சொன்னார். நீட்டி, முழங்கி, கடைசி எழுத்தைத் தொங்கவிட்டு. இரண்டு பக்கமும் இருந்த மொத்தக் கூட்டமும் எழுந்தது. எதிரணிப் பெண்கள்கூடக் கைதட்டினார்கள். தோழி ஜோலீன் அவள் முதுகில் ஒரு தட்டு தட்டினாள். “போடி! இத்தனை வருஷம் எங்களுக்குத் துண்டு வீசினியே, போ!” மேலே கார்டி தொப்பியைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

அவள் கோட்டின் முன் ஒரு கணம் நின்றாள். கூட்டத்தில் யாருக்கும் அது தயக்கமாகத் தெரிந்திருக்காது; உணர்ச்சிவசப்பட்டதாகத்தான் தெரிந்திருக்கும். என் பக்கத்தில் இருந்த புகைப்படக்காரர் அந்தக் கணத்தைத்தான் எடுத்தார். படத்தில் அவள் வலது கால் கோட்டுக்கு உள்ளே இருக்கிறது, பட்டை கட்டிய இடது கால் வெளியே.

பிறகு உள்ளே போனாள்.

நடுவர் பந்தை மேலே எறிந்தார். ஜோலீன் தட்டினாள். கடிகாரம் ஓடத் தொடங்கியது. பந்து பிரென்னாவின் கைக்கு வந்தது. எதிரணிப் பெண்கள் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றார்கள். அவர்களில் ஒருத்தி, “மெதுவா போ, அவசரமில்ல,” என்றாள். பிரென்னா மெதுவாகத்தான் போனாள். நொண்டி நொண்டி, வளையத்தடியில் நின்று, பலகையில் பட்டு விழும்படி போட்டாள். குறி தப்பவில்லை. புள்ளிப் பலகையில் இரண்டு மின்னியது. புள்ளி குறிக்கும் மேசையில் இருந்தவர் மற்ற எந்தக் கூடையையும் போலவே அதையும் குறித்துக்கொண்டார். அரங்கமே கத்தியது. வெளியே காற்று கதவுகளை உலுக்கிய சத்தம் அதில் கேட்கவில்லை.

காணொளி இரண்டே நாளில் நாடெங்கும் சுற்றியது. தொலைக்காட்சிகள் போட்டன. முன்பின் தெரியாதவர்கள் பூ அனுப்பினார்கள். அதைப் பார்த்தவர்களில், ரெட்ஷர்ட் விண்ணப்பங்களை முடிவு செய்யும் லீக் அலுவலகத்தினரும் இருந்தார்கள்.

ஏப்ரலில் விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. பருவத்தின் இரண்டாம் பாதியில் களத்தில் இறங்கியிருப்பதால் தகுதி இல்லை. ஆளில்லாத அரங்கில் வைத்துத்தான் வாண்டா அவளிடம் சொன்னார்.

“மேல்முறையீடு பண்ணலாம். நான் எழுதறேன். தப்பு என்னோடதுன்னு எழுதறேன்.”

“எழுதுங்க கோச். ரெண்டு பாயிண்ட் என் பேர்லதானே இருக்கு?”

“அது நிஜமான கூடை இல்லைன்னு…”

“எனக்கு அது நிஜமாதான் இருந்துச்சு,” என்றாள் பிரென்னா. “அப்பாகிட்ட மட்டும் இப்ப சொல்லாதீங்க. ஊரையே கூட்டிட்டு வந்தவரு.”

மேல்முறையீடு மே மாதத்தில் தள்ளுபடியானது. கார்டி அதை எங்கள் செய்தித்தாளில்தான் படித்தார்.

ஆகஸ்டில் பிரென்னா பக்கத்து ஊர்ப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாகச் சேர்கிறாள். செப்டம்பரில் முழங்கால் ஓடுவதற்குத் தயாராகிவிடும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். பதினான்காம் எண் சட்டை விஸ்கான்சினிலிருந்து வரும் முதலாண்டு மாணவி ஒருத்திக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது.