பூனை கும்பிட்ட படம்

போன வாரம் மெர்கோங் கடைத்தெருவில் உளுந்து வடை வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தால்... பத்திரிகையில் நான் எழுதும் பத்தி! மேலே என் போட்டோ, நெற்றி முழுக்க எண்ணெய்.

மகளுக்குக் கோபம். "அம்மா மூஞ்சியிலயே வடைய மடிச்சிருக்காங்க லா" என்றாள். எனக்கோ சிரிப்பு தாங்கவில்லை.

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில் மெர்போக் ஊரில் எங்களுக்கு மளிகைக் கடை. கடைக்காரர்கள் ஜப்பான்காரன் பத்திரிகையை வாங்கியே ஆக வேண்டும் என்று உத்தரவு. அதில் என்ன இருக்கும்? வெற்றி, வெற்றி, மேலும் வெற்றி! அரிசி எங்கே போனது என்று மட்டும் எந்தப் பக்கத்திலும் இருக்காது. சாமான் மடிக்கத்தான் உதவியது. ஜப்பான் சக்கரவர்த்தி படம் வந்த பக்கத்தை மட்டும் தனியே எடுத்து வைத்துவிடுவோம். அதை அவமதித்தால் தலை தப்பாது.

ஒரு நாள் ரப்பர் தோட்டத்து முனியம்மா அக்காவுக்கு என் வீட்டுக்காரர் கருவாடு மடித்துக் கொடுத்தார். அக்கா போன பிறகு பார்க்கிறேன் – எடுத்து வைத்த பக்கத்தைக் காணோம்! சாலை முனையில் ஜப்பான் சிப்பாய்கள் எல்லாப் பொட்டலத்தையும் பிரிப்பார்கள்.

வீட்டுக்காரர் சைக்கிளில் பறந்தார். சிப்பாய்களுக்குச் சற்று முன்னால் அக்காவைப் பிடித்து, தன் சட்டையைக் கழற்றிக் கருவாட்டை அதில் கட்டிக் கொடுத்துவிட்டு, வெற்று உடம்போடு படத்தை அணைத்தபடி திரும்பினார்.

சரி, இனி அதை என்ன செய்வது? எரித்தாலும் குற்றம், எறிந்தாலும் குற்றம். அட்டையில் ஒட்டிக் கடையிலேயே மாட்டிவிட்டோம்.

மறுநாள் ஜப்பானிய அதிகாரி சோதனைக்கு வந்தார். கூடவே மொழிபெயர்க்க ஒரு தமிழர். அதிகாரி படத்தை வணங்கி நிமிர்ந்தால், அதன் அடியில் எங்கள் பூனை அண்ணாந்து உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் அடுத்த கடைப் பூனையும்! இவை ஏன் இங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று கேட்டார்.

"தெனம் இப்படித்தான் துவான், வந்து கும்பிடுதுங்க" என்றார் வீட்டுக்காரர், கைகட்டி.

அதிகாரி நெகிழ்ந்தே போனார். பூனையைத் தடவிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். மொழிபெயர்ப்பாளர் மட்டும் ஒரு நிமிடம் நின்றார்.

"அண்ணே, படத்தக் கொஞ்சம் வெயில்ல காட்டுங்க லா. எனக்கே பசிக்குது."

அவர் வாயைத் திறந்திருந்தால் இன்று நான் ஏது, இந்தப் பத்தி ஏது? இப்போதும் அந்த மனிதரை நன்றியோடு நினைக்கிறேன்.

இன்றைய பத்திரிகைகளுக்கு மட்டும் சிக்கல் இல்லையா? விளம்பரக்காரர் முறைப்பார், பெரிய மனிதர் போன் போடுவார்... இருக்கட்டும். வடை மடிக்கப் பயப்பட வேண்டிய பத்திரிகையை நான் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு வரி உண்மை இருந்ததில்லை.

ஆகவே, இந்தப் பக்கத்திலும் தாராளமாக வடை மடியுங்கள் – படித்துவிட்டு!