எந்த ஊர் மரச்சீனி?

வெள்ளிக்கிழமை காலை கரோல் பாக் மெட்ரோ நிலையத்தின் படியில் ஏறிக்கொண்டிருந்தேன். அருளப்பன் அண்ணாச்சியின் மகன் டேனியல் போனில் அழைத்தான். "அங்கிள், டாடி போயிட்டாங்க. சுபே பாஞ்ச் பஜே. தூக்கத்துலயே" என்றான். தில்லியில் பிறந்து வளர்ந்தவன், காலை ஐந்து மணிக்கு என்பதை, வாயில் முதலில் வந்த இந்தியிலேயே சொன்னான். படியின் ஓரத்துக்கு ஒதுங்கி நின்றேன். என் தோள்பையில் ஒரு கோப்பு இருந்தது. திங்கட்கிழமைக்குள் நான் கையெழுத்துப் போட வேண்டியது. அந்தக் கோப்பைப் பற்றி நான்கு நாளைக்கு முன்புதான் அண்ணாச்சியிடம் ஒரு பொய் சொல்லியிருந்தேன். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் அந்தப் பொய்தான் நினைவுக்கு வந்தது.

அவரோடு பழகியவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விவசாயிகளுக்குக் கையேடு போடும் ஓர் அரசு அலுவலகத்தில் அவர் தொழில்நுட்ப உதவியாளர், நான் மொழிபெயர்ப்பாளர். இருபது வருஷம் எதிரெதிர் மேசை. அவர் குழித்துறைக்காரர், நான் ராசிபுரத்துக்காரன். இரண்டு பேர் வீட்டுக் காட்டிலும் ஒரே கிழங்குதான் விளைந்தது. அதை அவர் மரச்சீனி என்பார், நான் குச்சிக்கிழங்கு என்பேன், கையேட்டில் மரவள்ளி என்று அச்சாகும்.

நாங்கள் பேசிக்கொள்ளத் தொடங்கியதே என் தப்பினால்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் குமரிப் பக்கத்து விவசாயி ஒருவர் தமிழில் கடிதம் எழுதியிருந்தார். மரச்சீனி அழுகிப்போகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். அந்தச் சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை. சீனி என்று வருகிறதே, சர்க்கரைவள்ளியாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி, இந்தியில் 'ஷகர்கந்த்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். குளிர்காலத்தில் தில்லித் தெருவெல்லாம் வண்டியில் சுட்டு விற்கிறார்களே, அந்தச் சர்க்கரைவள்ளிதான். நிபுணர்களும் அதற்கேற்ப, கொடியை மண்ணில் கிடத்தி நடுங்கள் என்று பதில் எழுதினார்கள். அதையும் நானே அழகான தமிழில் மொழிபெயர்த்தேன். நல்லவேளையாகத் தபாலுக்குப் போகுமுன் அது அண்ணாச்சியின் மேசைக்குப் போனது.

கடிதத்தைக் கையில் பிடித்தபடி வந்து என் முன்னால் நின்றார். "ஓய், மரச்சீனியில கொடி எங்க ஓய் இருக்கு?" என்றார். எனக்கு விளங்கவில்லை. அவர் ஒரு தாளில் செடியின் படம் போட்டார். ஏழு விரல் விரித்த இலையைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. "ஏனுங்க, இது எங்கூரு குச்சிக்கிழங்குங்க" என்றேன். பிறந்ததிலிருந்து தின்ற கிழங்கு. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "வார்த்தைய மட்டும் பாக்காதீரும். எந்த ஊருன்னு மொதல்ல கேளும்" என்றார். அன்றைக்கு அந்தப் பதிலை இருவரும் சேர்ந்து திருத்தி எழுதினோம்.

ஊரைக் கேட்பது அவருக்குப் பேச்சுக்காகச் சொன்ன விஷயமல்ல. அவர் ஊரில் மழைக்குக் குறைவில்லை. மண்ணைக் குவித்து மேடாக்கி, உச்சியில் குச்சியைச் செங்குத்தாக நடுவார்கள். தென்னைக்கும் வாழைக்கும் நடுவே சின்னத் துண்டு நிலம். வேண்டும்போது இரண்டு செடியை மூட்டோடு பிடுங்கி, அவித்து மீன்குழம்போடு தின்பார்கள். எங்கள் ஊரில் மண்ணை நீளவாக்கில் வரப்புபோல் அணைத்துப் பார் கட்டி, இடையிலே வாய்க்காலில் தண்ணீர் விட்டு வளர்த்து, காட்டையே ஒரே மூச்சில் பிடுங்கி ஜவ்வரிசி மில்லுக்கு லாரி ஏற்றுவோம். கொல்லிமலைச் சரிவில் வாய்க்காலும் கிடையாது, அவசரமும் கிடையாது, மழையை நம்பி வருஷக்கணக்காக மண்ணிலேயே விட்டுவைப்பார்கள். வடகிழக்கு மாநிலங்களின் மலைகளில் சோளத்தோடு கலந்து நட்டு, மனிதர்களும் தின்று பன்றிக்கும் போடுவார்கள். எல்லாம் ஏக்கர் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்கள்தான். ஒரு வருஷம் கிழங்கு அழுகினால் அந்த வருஷம் அவர்களுக்கு அவ்வளவுதான்.

மரவள்ளிக் கையேடு போட முடிவானபோது இயக்குநர், "ஏக் ஹீ தரீகா லிகோ" என்றார். ஒரே முறையை எழுதுங்கள், படிப்பவருக்குக் குழப்பம் கூடாது என்பது அவர் வாதம். கெட்ட மனிதர் அல்லர், குழப்பத்தைக் கண்டு பயந்தவர். அண்ணாச்சி நான்கு ஊருக்கு நான்கு பக்கம் வேண்டும் என்றார். எனக்கு உள்ளூர ஒரே முறை போதும் என்றுதான் இருந்தது, அது ராசிபுரத்து முறையாக இருந்தால். அதையும் அவர் கண்டுபிடித்துவிட்டார். "ஒமக்க ஊரு தோத்திரக்கூடாது, அதானே விஷயம்? சரி, நட்டுப் பாப்போம்" என்றார்.

அப்போது அவருக்குச் சரோஜினி நகரில் தரைத்தளக் குவார்ட்டர்ஸ். பின்பக்கம் கையகல நிலம். ஊரிலிருந்து நனைந்த சாக்கில் சுற்றி விதைக்குச்சி வரவழைத்தார். மார்ச் மாதம் ஒரு பாதியில் பத்து மேடு அவர் போட்டார், மறுபாதியில் நான் பார் கட்டினேன். இரண்டுக்கும் வாரம் ஒருமுறை ஒரே அளவு தண்ணீர் என்று பேச்சு. மே மாதத்து அனல்காற்றில் மேடுகள் சுக்காகக் காய்ந்தன. பத்தில் ஏழு பட்டுப்போயின. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாகவும் இருந்தது. "ஒரு வாளி ஊத்தட்டுங்களா அண்ணாச்சி" என்று கேட்டேன். "ஊத்தாண்டாம். தோத்தது தோத்ததாவே கெடக்கட்டு. பொய்க் கணக்கு வேளாண்மைக்கு ஆவாது" என்றார்.

ஜூலையில் என் முறை வந்தது. குவார்ட்டர்ஸ் சாக்கடை அடைத்துக்கொண்டு, என் பார்களைச் சுற்றி நான்கு நாள் தண்ணீர் நின்றது. இலை மஞ்சளாகிக் கொட்டியது. ஒரு செடியைப் பிடுங்கினேன், வேர் கையோடு கொழகொழவென்று வந்தது. மிஞ்சியிருந்த அவருடைய மூன்று மேடு மட்டும் ஜம்மென்று நின்றது. அவர் சிரிக்கவில்லை. "ராசிவரத்துல இந்தத் தண்ணி நிக்காதுல்லா, அங்க ஒமக்க பாருதான் சரி" என்றார். தோற்றவனைத் தேற்றுவதற்காகச் சொன்னதல்ல. அது அப்படித்தான் என்று நம்பிச் சொன்னார். அதனால்தான் எனக்கு அவரை அவ்வளவு பிடித்துப்போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இயக்குநரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டு, முதலில் கொல்லைப்புறத்துக்கு அழைத்துப்போனார். காய்ந்த மேட்டையும் அழுகிய பாரையும் காட்டினார். இயக்குநர் சுற்றிப் பார்த்துவிட்டு, "அச்சா, தோ சஹீ கௌன்ஸா ஹை?" என்றார். இதில் எது சரி என்று கேட்கிறார். அண்ணாச்சி தன் குமரி வாடை வீசும் இந்தியில், "ஸாப், பஹலே பூச்சியே, காவ் கௌன்ஸா" என்றார். முதலில் ஊர் எதுவென்று கேளுங்கள். இயக்குநர் குனிந்து அந்த அழுகிய வேரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, சரி, நான்கையும் போடுங்கள் என்றார். கையேடு நான்கு பக்கத்தோடு வெளிவந்தது.

அண்ணாச்சி ஓய்வுபெற்று மகனோடு ஜனக்புரிக்குப் போனார். குவார்ட்டர்ஸை இடித்து அங்கே அடுக்குமாடி எழும்பிவிட்டது. அலுவலகத்துக்கும் புதிய இயக்குநர் வந்தார். செல்போனில் படிக்க வசதியாகக் கையேட்டை ஒரே பக்கமாகச் சுருக்க வேண்டும் என்று இந்த மாதம் உத்தரவு போட்டார். எனக்கு ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம். எதற்கு வம்பு என்று 'சரி' சொல்லிவிட்டேன். மூன்று பக்கத்தை என் கையாலேயே கோடு போட்டு அடித்தேன். எதை விட்டேன், எதை வைத்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ராசிபுரத்தை வைத்தேன்.

அதற்கடுத்த நாள் அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தார், மூச்சு வாங்கியது. வேறெதுவும் விசாரிக்கவில்லை. "ஓய், புதுசா போடுகாவளாமே, நாலு பக்கமும் இருக்குல்லா?" என்றார். "இருக்குங்க அண்ணாச்சி" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பொய்க் கணக்கு வேண்டாம் என்று சொன்ன மனிதரிடம், அவர் என்னிடம் கேட்ட கடைசிக் கேள்விக்கு, நான் கொடுத்த பதில் அது.

ஞாயிற்றுக்கிழமை அடக்கம் முடிந்தது. திங்கட்கிழமை காலை இயக்குநர் அறைக்குப் போனேன். கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். இப்போது போய் இப்படிச் சொன்னால் எப்படி, நீங்களே சரி சொன்னதுதானே என்றார். "ஆமாம், தப்பாகச் சொன்னேன்" என்றேன். மூன்று ஊர்க்காரர்களின் பக்கத்தை நான் அடித்துவிட்டேன், அவர்கள் இதை நம்பி நட்டால் அழுகும், அதற்கு என் பெயர் இருக்கக்கூடாது என்றேன். நான் கேட்டது ஒரே பக்கம்தானே என்றார். "ஒரே பக்கம் தருகிறேன். அதில் ஒரே கேள்விதான் இருக்கும்" என்று சொல்லி, எழுதி வைத்திருந்ததை நீட்டினேன். போனைத் திறந்ததும் 'உங்கள் ஊர் எது?' என்று கேட்கும். ஊரைத் தொட்டால் அந்த ஊரின் முறை விரியும். அவர் இரண்டு முறை படித்தார். கணினிப் பிரிவைக் கூப்பிட்டு முடியுமா என்று கேட்டார். முடியும் என்றார்கள்.

அண்ணாச்சியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கேள்வி ஒன்றைத்தான். இன்னும் இரண்டு வருஷம் அந்த மேசையில் உட்காரப்போகிறேன். எந்தக் கடிதம் வந்தாலும், எவ்வளவு தெரிந்த சொல்லாக இருந்தாலும், ஊரைக் கேட்காமல் பேனாவை எடுக்கமாட்டேன். நேற்று மாலை புதிய கையேடு சோதனைக்காக என் போனுக்கு வந்தது. வீட்டில் உட்கார்ந்து குழித்துறையைத் தொட்டேன், ராசிபுரத்தைத் தொட்டேன், கொல்லிமலையைத் தொட்டேன், வடகிழக்கு மலையைத் தொட்டேன். ஒன்று விடாமல் திறந்தது.

நாலு பக்கமும் இருக்குங்க அண்ணாச்சி.