மூன்றாம் நாள் இரத்தம்

கண்ணாடிக் குழாயில் ஒட்டிய பிளாஸ்திரியின் மேல் லேப் அக்கா நீல மையால் 'மூன்றாம் நாள்' என்று எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது பொய். எனக்கு அன்று பதினோராம் நாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். திருச்சியில் பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். அம்மா ஸ்ரீரங்கத்தில் கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுப்பவள். எனக்கு மாதவிடாய் மூன்று நான்கு மாதம் வராது. வந்தால் பத்து நாள் நிற்காது. முகவாயில் முடி அரும்பத் தொடங்கியதும் அம்மா பயந்துபோய்ப் புத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனாள். அவர் எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்று இரண்டு ஹார்மோன்களைப் பார்க்கச் சீட்டு எழுதினார். இரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பித்தான் பார்க்க வேண்டுமாம். "வந்த மூணாம் நாள் எடுத்துடணும். நாள் தப்பினா கணக்கே தப்பிடும்" என்றார்.

அம்மா அங்கே தலையாட்டினாள். நாள் வந்தபோது மறுத்துவிட்டாள். "விலக்கா இருக்கறவ பஸ்ல ஏறி ஊரைத் தொட்டுட்டு வருவியா? பெருமாளுக்குப் பூப் போற வீடுடி இது. நின்னதும் தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டுப் போ. ரத்தம் எங்க ஓடிப்போகுது?"

கொல்லைப்புற அறையில் பத்து நாள் தனிப் பாயில் கிடந்தேன். குளித்துவிட்டு லேபுக்குப் போனபோது, "இன்னிக்கு எத்தனாவது நாள்மா?" என்று அக்கா கேட்டார். கல்லூரியில் படிக்கும் நான் அந்த அறையைப் பற்றி எப்படிச் சொல்வேன்? "மூணாவது" என்றேன்.

முடிவு வந்தது. காகிதத்தில் இருந்த ஆங்கிலத்தை எழுத்து எழுத்தாகப் படித்தேன், ஒன்றும் புரியவில்லை. "படிச்சவதானே, என்னன்னு சொல்லேன்" என்று அம்மா கேட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. டாக்டரம்மாவும் நெற்றியைச் சுருக்கினார். "மூணாம் நாளுக்கு இது ஒத்து வரலியே. கோளாறு இருக்குன்னும் சொல்ல முடியல, இல்லைன்னும் சொல்ல முடியல." அம்மா பக்கத்தில் இருக்கும்போதே உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். பேனாவை மூடிவிட்டு, "அப்ப அடுத்தது வரட்டும்" என்று மட்டும் சொன்னார்.

நான்கு மாதம் காத்திருந்தேன். தாயாக முடியுமா முடியாதா என்பது அந்த ஒரு நாளில் இருப்பதாக எனக்குத் தோன்றியது. வந்த மூன்றாம் நாள் காலையில், சொல்லிக்கொள்ளாமல் கிளம்பலாம் என்று கொல்லைக் கதவைத் திறந்தேன். அம்மா செருப்பு மாட்டிக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றிருந்தாள். பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தாள், முந்தானை என் மேல் படாமல் இழுத்துச் செருகிக்கொண்டு.

ஊசியை உருவியதும் அக்கா பஞ்சை வைத்தார். அதற்குள் வெளியே யாரோ கூப்பிட்டார்கள். "அம்மா, சும்மா நிக்கிறீங்களே, இதை அழுத்திப் பிடிங்க."

அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு தன் கையை. "நானே பிடிச்சுக்கறேன்" என்றேன். அவள் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். விலக்கு நாட்களில் அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. தீட்டோடு பூவைத் தொடக்கூடாது என்று அன்றைய மாலைகளை மற்ற பூக்காரிகளைக் கட்டச் சொன்னாள் என்பதைப் பிறகு அறிந்தேன்.

முடிவு வந்தபோது இந்த முறை சந்தேகமே இல்லை. சினைப்பைகளில் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் இருக்கும் கோளாறுதான் என்றார் டாக்டரம்மா. மாத்திரை உண்டு, குழந்தை தாமதமாகலாம், அவ்வப்போது இரத்தம் பார்க்க வேண்டும் என்றார். நான் அழுதுகொண்டே வெளியே வந்து, அங்கே காத்திருந்த அம்மாவிடம் சொன்னேன்.

"மூணாம் நாள் எடுத்ததுதானே?" என்று கேட்டாள். "ஆமாம்" என்றேன்.

"அப்ப சரியாத்தான் இருக்கும்" என்று முகம் தெளியச் சொல்லிவிட்டு என் கண்ணைத் துடைத்தாள்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை இப்போதும் சோதனைக்கு இரத்தம் கொடுக்கப் போகிறேன். நோய் இருக்கிறது என்று கேட்ட அந்த நிமிஷத்தில் அம்மாவின் முகம் ஏன் தெளிந்தது என்று அப்போதும் விளங்கவில்லை, இப்போதும் விளங்கவில்லை. அவளிடம் கேட்கவும் துணிவில்லை.